அறிக்கை உண்டு, ஆள் எங்கே?



“அந்தக் காலத்துப் பிள்ளைகள் பிரம்படியைத் தாங்கினார்கள், இந்தக் காலத்துப் பிள்ளைகள் ஒரு சுடுசொல்லைத் தாங்கமாட்டேன் என்கிறார்கள்!”

தேநீர்க் கடைப் பலகையில் அமர்ந்து இதைச் சொல்லாத பெரியவர் இல்லை. திருமண வீட்டுப் பந்தியில் இதைச் சொல்லித் தலையசைக்காத கனவான் இல்லை. பதினாறு வயதுப் பிள்ளையொன்று தன் உயிரைத் தானே போக்கிக்கொண்டது என்ற செய்தி வந்ததும், பிள்ளையை இழந்த வீட்டுக்குச் சென்று ஆறுதல் கூறத் தெரியாதவர்கள்கூட இந்தத் தீர்ப்பை மட்டும் தயங்காமல் வழங்கிவிடுகிறார்கள். வளர்ப்பு சரியில்லை, கைப்பேசி கெடுத்தது, மனவுறுதி இல்லை. மூன்று வாக்கியத்தில் வழக்கு முடிந்தது, குவளையில் தேநீரும் முடிந்தது, எழுந்து போய்விடுகிறார்கள்.

அந்தக் காலத்தில் தாங்கினார்களாம்! யார் எண்ணிப் பார்த்தது? பழைய செய்தித்தாள் கட்டுகளை எடுத்துப் புரட்டிப் பாருங்கள். ‘தீராத வயிற்றுவலியால் அவதிப்பட்டு வந்த’ என்று தொடங்கும் ஐந்து வரிச் செய்தியை எத்தனை முறை படித்திருக்கிறோம்! வயிற்றுவலிக்கு மட்டும் இந்த நாட்டில் மருந்தே இல்லாமற் போயிற்றா? பிழைத்துக்கொண்டால் சிறை என்றது இந்திய தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு. இறந்துபோனால் குடும்பத்துக்கே இழுக்கு என்றது ஊர். காவல் நிலையத்துக்கும் ஊர்வாய்க்கும் ஒருசேர அஞ்சிய குடும்பம், வயிற்றுவலி என்று எழுதிக் கொடுத்துவிட்டு வாய்மூடி அழுதது. தாங்கினார்கள் என்று இன்று பெருமை பேசுகிறார்களே, அவர்களிலே தாங்காதவர்கள் கணக்கிலேயே வரவில்லை என்பதுதான் உண்மை.

சட்டம் மாறிவிட்டது, தோழர்களே. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், தன்னுயிரைப் போக்கிக்கொள்ள முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவர் என்றே கொள்ளவேண்டும், அவரைத் தண்டித்தல் ஆகாது, அவருக்குப் பராமரிப்பும் சிகிச்சையும் மறுவாழ்வும் அளிப்பது அரசின் கடமை என்று கூறிற்று. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தண்டனைச் சட்டத்திலே பழைய 309 இல்லை. குற்றவாளி என்ற பெயரைச் சட்டம் அழித்துவிட்டது. தேநீர்க் கடை அழிக்கவில்லை. பள்ளிக்கூடம் அழித்ததா? அதைத்தான் இன்று பேசவேண்டும்.

முதலில் கணக்கைப் பாருங்கள். 2022ஆம் ஆண்டில் இந்திய நாட்டில் தம் உயிரைத் தாமே போக்கிக்கொண்ட மாணவர்கள் 13,044 பேர் என்கிறது தேசியக் குற்ற ஆவணக் காப்பகம். ஓர் ஆண்டில் பதின்மூவாயிரம்! ஒரு நாளைக்கு முப்பத்தைந்து பேர்; ஒரு வகுப்பறை நிறையும். இந்த எண்ணை எடுத்தாண்ட உச்ச நீதிமன்றம், அவர்களிலே தேர்வுத் தோல்வியால் மாண்டோர் 2,248 பேர் என்றும் குறித்திருக்கிறது. நன்றாக மனத்திலே வாங்கிக்கொள்ளுங்கள்: ஆறிலே ஒரு பங்குதான் தேர்வு. தேர்வு முடிவு வெளியாகும் நாளில் மட்டும் தொலைக்காட்சியிலே தோன்றி, ‘மாணவச் செல்வங்களே, மதிப்பெண் வாழ்க்கையல்ல’ என்று அறிவுரை வழங்கிவிட்டு மறைந்துவிடுகிறார்களே, அவர்களைக் கேட்கிறேன்: மற்ற ஐந்து பங்குக்கு உங்கள் அறிவுரை என்ன? குடிகாரத் தந்தையின் கைக்கு அஞ்சி இரவெல்லாம் விழித்திருந்துவிட்டு வரும் சிறுவனுக்கு என்ன சொல்வீர்கள்? சாதிப் பெயர் சொல்லிப் பின்வரிசையிலே குத்தப்படும் பிள்ளைக்கு? படம் பிடித்து ஊரெல்லாம் பரப்பிவிடுவேன் என்று மிரட்டப்படும் பெண்ணுக்கு? காரணம் சொல்லத் தெரியாமலே நெஞ்சு கனத்து, தன் உடம்பையே புண்படுத்திக்கொண்டு, யாரும் பார்த்துவிடாமல் மறைத்துத் திரியும் பிள்ளைக்கு? அந்தப் பிள்ளைகள் ஜூன் மாதத்திலும் இருக்கிறார்கள், நவம்பரிலும் இருக்கிறார்கள். அறிவுரையோ ஆண்டுக்கு ஒரு நாள் வருகிறது.

ஒன்றும் செய்ய முடியாது, இது விதி என்று கைவிரிப்பவர்களும் உண்டு. விதியா? தேறாத மாணவர் ஓராண்டை இழக்கவேண்டாம், சில வாரங்களிலேயே துணைத்தேர்வு எழுதலாம் என்று தமிழ்நாட்டில் வழி செய்தார்களே, அது விதியை மாற்றிய வேலைதான். மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று பட்டியலிட்டு, பெட்டிச் செய்தி போட்டு, பட்டியலில் இடம் பெறாத இலட்சக்கணக்கான பிள்ளைகளின் முகத்திலே கரி பூசிய வழக்கம் 2017இல் நிறுத்தப்பட்டதே, வானம் இடிந்தா விழுந்தது? பதினொன்றாம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு வைத்து, மூன்றாண்டு தொடர்ந்து பிள்ளைகளைப் பிழிந்தெடுத்த ஏற்பாட்டை 2025இல் மாநிலக் கல்விக் கொள்கை கைவிட்டதே, கல்வி கெட்டா போயிற்று? மனிதர் அமைத்த ஏற்பாடு நெருக்குகிறது என்றால், மனிதரே அதைத் தளர்த்தவும் முடியும். இந்த மூன்றும் செய்ய வேண்டியவை, செய்தார்கள், நன்று. ஆனால் இவை மூன்றும் தேர்வைப் பற்றியவை. ஆறிலே ஒரு பங்கைத் தொட்டவை.

மற்ற பங்குக்கு என்ன வேண்டும்? பிள்ளை வாய் திறந்து பேசுவதற்கு, பள்ளிக்கூடத்துக்குள்ளே ஓர் ஆள் வேண்டும்.

இதை நான் சொல்லவில்லை. 2025 ஜூலை 25 அன்று உச்ச நீதிமன்றம் சொல்லிற்று. நுழைவுத் தேர்வுப் பயிற்சிக்காக விசாகப்பட்டினத்துக்கு அனுப்பிய மகளை இழந்த தந்தை ஒருவர் தொடுத்த வழக்கிலே, நாடு முழுவதற்கும் பதினைந்து வழிகாட்டு நெறிகளை அது வகுத்தது. மதிப்பெண்ணை வைத்து மாணவரைத் தனித்தனிக் கூட்டமாகப் பிரிக்காதே. பலர் முன்னிலையில் இழிவுபடுத்தாதே. ஆசிரியர்க்கும் பணியாளர்க்கும் ஆண்டுக்கு இரு முறை பயிற்சி கொடு. நூறு மாணவருக்குக் குறையாத ஒவ்வொரு கல்வி நிலையமும் தகுதி வாய்ந்த ஆலோசகரையோ உளவியலாளரையோ சமூகப் பணியாளரையோ ஒருவரையேனும் ‘நியமிக்க வேண்டும் அல்லது ஈடுபடுத்த வேண்டும்’ என்றது. தனிச் சட்டம் வரும் வரையில் இதுவே சட்டம் என்றும் சொல்லிற்று. நமது மாநிலத்திலும், பள்ளிகளில் சாதிப் பூசலைத் தவிர்ப்பதற்காக அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் தந்த அறிக்கையிலே, 500 மாணவர்க்கு மேற்பட்ட பள்ளிகளுக்கு நல அலுவலர் ஒருவர் வேண்டும் என்று எழுதிற்று.

தீர்ப்பு வந்தது. அறிக்கை வந்தது. ஆள்?

அந்தத் தீர்ப்பில் ‘ஈடுபடுத்த வேண்டும்’ என்றொரு சொல் இருக்கிறதல்லவா, அதன்மேல் கண் வையுங்கள். கோப்புகளைக் கையாளும் அதிகாரிகளுக்குப் பிடித்தமான சொல் அது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஒருவர் வருவார். முற்பகலில் எண்ணூறு பிள்ளைகளை வெயிலிலே அமரவைத்து ‘தன்னம்பிக்கை’ பற்றி ஒலிபெருக்கியில் முழங்குவார். புகைப்படம் எடுத்து அனுப்பிவிட்டால் ‘ஈடுபடுத்தியாயிற்று’ என்று கோப்பு மூடப்படும். ‘மாணவர் மனசு’ என்று பெட்டி வைத்தார்கள். நல்ல பெயர், தேவையான பெட்டி. ஆனால் தோழர்களே, பெட்டிக்குக் காது கிடையாது. சீட்டை எடுத்துப் படிக்கவும், எழுதிய பிள்ளையை மற்றவர் அறியாமல் அழைத்து உட்காரவைத்துக் கேட்கவும், கேட்டதை ஊருக்குச் சொல்லாமல் காக்கவும், ஒரு மனிதர் தேவை.

“ஏன், ஆசிரியர் இல்லையா? இரண்டாம் பெற்றோர் அல்லவா அவர்?” என்று வாதாட வருகிறார்கள். கேட்பதற்கு இனிக்கிறது. அந்த இனிப்பை நாளந்தாவிலே சோதித்துப் பார்த்துவிட்டார்கள்.

பழம்பெரும் கல்விக்கழகம் இருந்ததே, அந்த நாளந்தாதான். இன்று பீகாரின் ஒரு மாவட்டம். அங்கே 74 அரசு உயர்நிலைப் பள்ளிகளிலே ஒரு பெரிய ஆய்வு நடத்தினார்கள். அதன் முடிவை 2018இல் ‘லான்செட்’ என்னும் உலகறிந்த மருத்துவ ஏடு வெளியிட்டது. பள்ளிகளை மூன்று கூறாகப் பிரித்தார்கள். ஒரு கூறிலே, பயிற்சி கொடுத்த ஓர் ஆலோசகரைப் பள்ளிக்கென்றே அமர்த்தினார்கள். அவர் மனநல மருத்துவரல்லர். உளவியல் வல்லுநரும் அல்லர். பழக்கி எடுத்த சாதாரண ஆள். இன்னொரு கூறிலே, அதே வேலையை, அதே திட்டத்தை, பள்ளி ஆசிரியர் ஒருவரிடம் ஒப்படைத்தார்கள். மூன்றாவது கூறிலே இரண்டும் இல்லை. வேலை என்ன? காலைக் கூட்டத்தில் பேசுவது, சுவரேடு நடத்துவது, கடிதப் பெட்டி வைத்து வந்தவற்றுக்கு விடை சொல்வது, மாணவர் குழுக்களைக் கூட்டுவது, நாடி வரும் பிள்ளையைத் தனியே அமர்த்திக் கேட்பது. மந்திரம் ஒன்றும் இல்லை.

விளைவு? தனி ஆள் இருந்த பள்ளிகளிலே மாணவரின் மனச்சோர்வு குறைந்தது. ஒருவரையொருவர் கொடுமைப்படுத்துவது குறைந்தது. அடிதடி குறைந்தது. பள்ளி என்னுடையது, அங்கே எனக்கு இடம் உண்டு என்ற உணர்வு வளர்ந்தது. ஆசிரியரிடம் ஒப்படைத்த பள்ளிகளிலே? ஒன்றும் நடக்கவில்லை! ஏதும் செய்யாத பள்ளிகளுக்கும் அவற்றுக்கும் வேறுபாடே காணப்படவில்லை. உயிரிழப்பை எண்ணிய ஆய்வன்று அது. அந்தப் பாதாளத்துக்கு இறங்கும் படிகளை எண்ணிய ஆய்வு. படிகள் உடைந்தன, ஆள் இருந்த இடத்தில்.

ஆசிரியர் கெட்டவர் என்பதல்ல இதன் பொருள். பாடம் நடத்தவேண்டும், விடைத்தாள் திருத்தவேண்டும், எமிஸ் இணையத்தில் நாள்தோறும் விவரம் ஏற்றவேண்டும், வாக்காளர் பட்டியல் வந்தால் தெருத்தெருவாகச் செல்லவேண்டும், தேர்தல் வந்தால் வாக்குச்சாவடியில் விடிய விடிய உட்காரவேண்டும். அவர் தலையிலே இன்னொரு மூட்டையை ஏற்றிவிட்டு, அதற்கு ‘இரண்டாம் பெற்றோர்’ என்று பட்டம் சூட்டுவது மரியாதையன்று, ஏய்ப்பு. அதோடு இன்னொன்று: சிவப்பு மையால் மதிப்பெண் போடுகிற கையிடம் தன் புண்ணைக் காட்டப் பிள்ளை அஞ்சும். மறுநாள் வகுப்பிலே அதே முகத்தைப் பார்க்கவேண்டுமே! சில பிள்ளைகளுக்கு அஞ்சுவதற்குக் காரணமே அந்த ஆசிரியராக இருப்பதுண்டு. அப்போது யாரிடம் போவது?

2018இல் நாளந்தா சொன்னது. 2020 பிப்ரவரியில் தில்லி என்ன செய்தது தெரியுமா? ‘ஆயுஷ்மான் பாரத்’ திட்டத்தின் கீழே பள்ளி நலத் திட்டம் ஒன்றைத் தொடங்கி, பள்ளிக்கு இரண்டு ஆசிரியரைப் பொறுக்கி, ‘நலத் தூதர்’ என்று பெயரிட்டு அனுப்பிற்று. தம் நாட்டு மண்ணிலே, தம் நாட்டுப் பிள்ளைகளிடையே, எது பலிக்கவில்லை என்று கண்டார்களோ, அதையே பொறுக்கியெடுத்து நாடெங்கும் விரித்தார்கள். ஏன்? தூதருக்குத் தனிச் சம்பளம் கிடையாது. அவ்வளவுதான் இரகசியம்.

“பிள்ளைகளிடம் சாவைப் பற்றிப் பேசலாமா? பேசாத நினைப்பை விதைத்தாற்போல் ஆகாதா?” இந்த அச்சம் உண்மையான அச்சம், தாய்மார் கேட்கிறார்கள், இதை ஏளனம் செய்யக் கூடாது. விடை இருக்கிறது. ஐரோப்பாவில் பத்து நாடுகளில், 168 பள்ளிகளில், 11,110 மாணவரிடையே நடந்த ஆய்வு 2015இல் வெளிவந்தது. ஒரு பகுதிப் பள்ளிகளில் ஆசிரியருக்கு மட்டும் பயிற்சி; இன்னொரு பகுதியில் மாணவருக்கே சில மணி நேர வகுப்பு. மனச்சோர்வு எப்படியிருக்கும், நெருக்கடி வந்தால் என்ன செய்வது, நண்பன் தவிக்கும்போது யாரிடம் அழைத்துச் செல்வது என்று நடித்துப் பார்த்தும் விவாதித்தும் கற்றார்கள். ஓராண்டு கழித்துப் பார்த்தபோது, மாணவருக்கே கற்பித்த பள்ளிகளில் உயிரைப் போக்கிக்கொள்ள முயன்றோர் நூற்றுக்கு 0.7, கற்பிக்காத பள்ளிகளில் 1.5. பாதிக்கும் கீழே! ஆசிரியருக்கு மட்டும் கற்பித்த இடத்தில், குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. பேசியதால் நினைப்பு முளைக்கவில்லை. பேசியதால் நினைப்பு வெளியே வந்தது, வந்ததால் உயிர் பிழைத்தது. ‘உனக்குச் செத்துவிடலாம் என்று தோன்றுகிறதா?’ என்று நேராக, அன்போடு கேட்பது ஆபத்தல்ல என்பது இன்று மருத்துவ உலகம் ஒப்புக்கொண்ட செய்தி.

கடைசியாக எடுப்பார்கள் பிரம்மாஸ்திரத்தை: “பணம் எங்கே?”

கணக்குப் போடுவோமா? தமிழ்நாட்டில் அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகள் ஏறத்தாழ 6,000. பள்ளிக்கு ஒருவர், மாதம் 25,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதத்துக்கு 15 கோடி, ஆண்டுக்கு 180 கோடி. 2025-26 வரவுசெலவுத் திட்டத்தில் பள்ளிக்கல்விக்கு ஒதுக்கப்பட்டது 46,767 கோடி. நூறு ரூபாயிலே நாற்பது காசுகூட ஆகவில்லை! ஆள் கிடைக்கமாட்டார் என்பார்களா? சமூகப்பணியும் உளவியலும் படித்துவிட்டு, சான்றிதழை நெகிழி உறையிலே போட்டுக்கொண்டு வேலை தேடி அலையும் பட்டதாரிகளை உங்கள் ஒன்றியத்திலேயே காட்டுகிறேன். அவர்களுக்குப் பயிற்சி கொடுங்கள். மேற்பார்வைக்கு மாவட்ட மனநலத் திட்டத்தின் உளவியலாளர் இருக்கட்டும். மிஞ்சிப் போனால் மாவட்ட அரசு மருத்துவமனை இருக்கட்டும். பள்ளியில் ஒரு சிறு அறை, ஒரு கதவு, இரண்டு நாற்காலி. கதவு முக்கியம், தலைமையாசிரியர் அறையின் மூலையிலே ஒரு மேசை போட்டு ‘ஆலோசனை மையம்’ என்று பலகை தொங்கவிட்டால் பிள்ளை வராது.

இனி, நமக்குள்ளே சில சொல்லவேண்டும். கசக்கும், விழுங்குங்கள்.

ஒரு பிள்ளை இறந்துவிட்டால் நம் அணியினர் செய்வது என்ன? அன்று மாலைக்குள் சுவரொட்டி. பிள்ளையின் படம் ஆளுயரத்துக்கு. ‘தியாகச் சுடர்’, ‘உயிர்க்கொடை’, ‘உன் இரத்தம் வீண்போகாது’. கடைசியாக எழுதி வைத்த சீட்டை மேடையிலே உருக்கத்தோடு படித்துக் காட்டுகிறார்கள். எதிரியைச் சாடுவதற்கு எடுத்த ஆயுதம் யார் மேல் விழுகிறது என்று பார்த்தார்களா? அதே மனநிலையிலே, தன்னை யாருமே கவனிக்கவில்லை என்று குமைந்துகொண்டு, அந்தச் சுவரொட்டியைப் பார்த்தபடி பள்ளிக்கு நடந்து போகும் இன்னொரு பிள்ளை மேல் விழுகிறது. இறந்தால்தான் என் பெயரை இந்த ஊர் உச்சரிக்கும் என்று அந்தச் சுவர் அதற்குப் பாடம் நடத்துகிறது. ஆஸ்திரியத் தலைநகர் வியன்னாவில் 1987இல் ஏடுகள் ஒன்றுகூடி, இத்தகைய இறப்புகளை அடக்கி எழுதுவது என்று முறை வகுத்துக்கொண்டபோது, அதுவரை பெரிதுபடுத்தி எழுதப்பட்ட வகை இறப்புகள் பெருமளவு குறைந்தன. இந்தியப் பத்திரிகை மன்றமும் 2019இல் அதற்கான நெறிகளை ஏற்றது. ஏட்டுக்குச் சொன்னது மேடைக்கும் பொருந்தும், சுவருக்கும் பொருந்தும். கொடிய தேர்வை எதிர்ப்போம். அநீதியான ஏற்பாட்டை எதிர்ப்போம். எத்தனை உரத்த குரலிலும் எதிர்ப்போம். பிள்ளையின் சாவைப் புகழாதீர்கள். எப்படி இறந்தது என்று விவரிக்காதீர்கள். வீரம் என்று அதற்குப் பெயர் வைக்காதீர்கள்.

இன்னொரு பிள்ளையை நாம் மறந்தே போகிறோம்: பிழைத்துக்கொண்ட பிள்ளையை. மருத்துவமனையிலிருந்து வீடு வந்து, பத்து நாள் கழித்துப் பையை மாட்டிக்கொண்டு பள்ளி வாசலுக்கு வருகிறதே, அந்தப் பிள்ளை. மற்றவர் எவரைக் காட்டிலும் ஆபத்து மிகுந்தது அதற்குத்தான். வாசலிலே அதற்குக் கிடைப்பது என்ன? ‘பள்ளிக்குப் பெயர் கெடும், வேறிடம் பாருங்கள்’ என்று மாற்றுச் சான்றிதழை நீட்டும் நிர்வாகங்கள் உண்டா இல்லையா? மூழ்கிக் கரையேறியவனை மீண்டும் ஆற்றிலே தள்ளும் வேலை அது. அப்படி ஒரு சான்றிதழ் உங்கள் ஊரிலே நீட்டப்பட்டால், அன்றைக்கு வேறு வேலை வைத்துக்கொள்ளாதீர்கள். கூட்டம் கூட்டி முழங்கவும் வேண்டாம். பிள்ளையின் பெயர் தெருவுக்கு வரக் கூடாது. பெற்றோரோடு இருவர் போங்கள். தலைமையாசிரியரிடம் அமைதியாகப் பேசுங்கள். கேட்காவிட்டால் மாவட்டக் கல்வி அலுவலரிடம் போங்கள்.

இரவு பதினொரு மணிக்கு ஒரு பிள்ளை தவித்தால் பள்ளி அறை பூட்டியிருக்கும். அதற்கு 14416 இருக்கிறது. ‘நட்புடன் உங்களோடு’ என்று தமிழ்நாட்டில் 2022இல் தொடங்கப்பட்ட மனநலச் சேவை. கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம். கிளைக் கழகத்துச் சுவரிலே தலைவர் படத்துக்குக் கீழே நான்கு விரற்கடை இடம் இருக்குமே, அங்கே அந்த எண்ணை எழுதி வையுங்கள்.

உங்கள் ஊர் அரசுப் பள்ளியிலே பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. பெற்றோர் இருக்கிறார்கள், உள்ளாட்சி உறுப்பினர் இருக்கிறார், நம் தோழர்களும் பலர் இருக்கிறார்கள். அடுத்த கூட்டத்திலே கழிப்பறைக் கதவு, சுற்றுச்சுவர் இவற்றோடு இதையும் எழுதச் செய்யுங்கள்: ‘இப்பள்ளியில் பயிலும் மாணவர் இத்தனை பேர்; உச்ச நீதிமன்றத்தின் 25.7.2025 தீர்ப்பின்படி நியமிக்கப்பட வேண்டிய ஆலோசகர் இன்றுவரை நியமிக்கப்பட்டுள்ளாரா? இல்லையெனில் எந்நாளில் நியமிக்கப்படுவார்?’ இவ்வளவு போதும். விடையை எழுத்திலே கேளுங்கள். தீர்மானத்தின் படியொன்றைக் கல்வி அலுவலருக்கும், ஒன்றைச் சட்டமன்ற உறுப்பினருக்கும் அனுப்புங்கள். அவர் நம் கட்சிக்காரராக இருந்துவிட்டால், இரண்டு படி அனுப்புங்கள்.